மேஜரின் கல்லறை

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கோத்தகிரியில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய். நுவரெலியாவிலும் அதே கதைதான். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. மகளுக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "கோல்ப் மைதானத்துக் கல்லறை இன்னும் இருக்கிறதா?" என்று. அதைப் படித்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூத்த பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டே வந்தேன். இருக்கிறது மச்சான். மேஜர் ரோஜர்ஸ் அங்கேதான் கிடக்கிறார். கல்லில் பாசி ஏறியிருக்கிறது, வெடிப்பு அப்படியே இருக்கிறது. கையால் தடவிப் பார்த்தேன். ஈரமும் குளிரும் விரலில் ஏறியதும் நமக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்ட மாதிரி இருந்தது.

சின்ன வயதில் அங்கே ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கித் திரிந்தோமே, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பந்து விழுந்தால் எடுக்க நீதான் போக வேண்டும் என்று நானும், நான்தான் என்று நீயும் சண்டை போடுவோமே. இடி விழுந்து செத்தவர், செத்த பிறகும் கல்லறையில் இடி விழுந்தது என்று பெரியவர்கள் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அப்போது கதை என்று நினைத்தோம். மனுசன் நிஜமாகவே வாழ்ந்தவர். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். 1,400 யானைகளைச் சுட்டவர் என்று கணக்கு சொல்கிறார்கள். 1845 ஜூனில் ஹப்புத்தளையில், இடிமழை ஓய்ந்துவிட்டதா என்று பார்க்க வெளியே வந்த இடத்தில் மின்னல் தாக்கிவிட்டது. பேத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தனை யானைக்கும் கல்லறை எங்கே தாத்தா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பார், அவரைப் புதைத்து 44 வருடம் கழித்துத்தான் இங்கே கோல்ப் வந்தது. நுவரெலியா கோல்ப் கழகம் 1889இல் தொடங்கியது. கோர்டன் ஹைலண்டர்ஸ் படையைச் சேர்ந்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் ஆரம்பித்து வைத்ததாகச் சொல்கிறார்கள். ஏன் இந்த ஊர், ஏன் அந்த வருடம் என்று நானே யோசித்துக்கொண்டேன். 1869இல் கோப்பியில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தன. பிறகு தேயிலை வந்தது. லூல்கந்துரையில் முதல் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர்தான், துரைமாரில் அந்த நாட்டார் நிறையப் பேர். 1885இல் ரயில் நானுஓயா வரை வந்துவிட்டது. நாலே வருடத்தில் மைதானம். குளிர், மூடுபனி, நடுவில் ஓடும் ஓடை எல்லாம் அவர்களுக்குச் சொந்த ஊர் மாதிரியே இருந்திருக்கும்.

அந்தக் காலத்துப் பந்தில் இப்போது மாதிரி உள்ளே ரப்பர் கிடையாது. மலாயாப் பக்கத்து மரத்தின் பாலைக் காய்ச்சி உருட்டிய கெட்டிப் பந்து. ஆனால் 6,000 அடிக்கு மேலே காற்று மெலிசு அல்லவா, கீழ்நாட்டில் 100 கெஜம் போகிற அடி இங்கே ஏழெட்டுக் கெஜம் கூடப் போகும். நாம் பை தூக்கிய காலத்தில் கொழும்பிலிருந்து வருகிற ஐயாமார் பந்தைத் தாண்டவிட்டுத் திகைத்து நிற்பார்கள். எங்கே விழுந்திருக்கும் என்று நமக்குத் தெரியும். கண்ணால் தேட மாட்டோம், காலால் தேடுவோம். நீண்ட புல்லுக்குள் பெருவிரலை விட்டு அளைந்துகொண்டே போனால் பந்து தட்டுப்படும்.

உறைபனி விழுந்த ஜனவரிக் காலைகள் உனக்கு ஞாபகம் இருக்கும். குழியைச் சுற்றியுள்ள புல்தரை சீனி கொட்டிய மாதிரி வெள்ளையாக இருக்கும். வெயில் வந்து பனி உருகும் வரைக்கும் யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. உறைந்த புல் மிதித்தால் உள்ளே முறிந்து, பிறகு அந்த இடம் கறுத்துப் போகும். அதனால் எல்லாரும் காத்திருப்பார்கள். நாம் வெறுங்காலோடு, ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்து மாறி மாறி நின்றோமே, அந்தக் குளிர் இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

அந்தப் புல்லை வெட்டியதும், பை தூக்கியதும், சைப்பிரஸ் மரத்தடியில் சருகு கூட்டியதும் நம் லயத்து ஆட்கள், தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த நம் சனம். வருடத்தையும் தொடங்கியவரையும் சொல்கிற யாரும் இதைச் சொல்வதில்லை. அது எனக்கு மனத்தாங்கல்தான். 1948இல் நம் தோட்டத்துத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இந்தியாவும் இலங்கையும் கையெழுத்துப் போட்டு, நம் ஆட்களை 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில்தான் 1974இல் உன் குடும்பம் தகரப் பெட்டியோடு நானுஓயாவில் ரயில் ஏறித் தலைமன்னார் போனது. நீ போன மறுநாள் நான் தனியாகப் பை தூக்கினேன். அன்றைக்குப் பந்து கல்லறைப் பக்கம்தான் விழுந்தது. பயமே வரவில்லை. அழுகைதான் வந்தது.

அப்புறம், ஒரு நல்ல சேதி. நம் காலத்தில் முறிந்த மட்டையைக் கம்பியால் கட்டி, சாயங்காலம் யாரும் இல்லாதபோது ஆடுவோம். இப்போது என். தங்கராஜா, கே. பிரபாகரன் என்று நம் தமிழ்ப் பெயர்கள் இலங்கையின் பெயரோடு, உங்கள் இந்தியாவின் தொழில்முறைப் போட்டிகளில் வருகின்றன. பத்திரிகையில் கண்ணில் பட்டால் வெட்டி வைத்துவிடுகிறேன். இரண்டு துண்டுகளை இதோடு அனுப்புகிறேன்.

ஊட்டியிலும் ஒரு மைதானம் இருக்கிறதே, உன் பேரனோடு ஒரு நாள் போய்ப் பார். அங்கேயும் உறைபனி விழும். குழியைச் சுற்றி யார் புல் வெட்டுகிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் என்று பேச்சுக் கொடுத்துக் கேட்டு எழுது.

ஜனவரியில் வரப் பார். கம்பளி இங்கே இருக்கிறது, நீ கொண்டு வர வேண்டாம்.

உன்,
பழைய கூட்டாளி