ஒன்பது சீசன்களையும் பார்த்தவனின் பதில்

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. வான்கூவரில் ஒரு மாலை நடந்துகொண்டிருந்தபோது, நாம் ஒரு காலத்தில் 'சென்ட்ரல் சிட்டி' என்று நம்பிப் பார்த்த தெருக்கள் இவைதாமோ என்று தோன்றியதாக எழுதியிருந்தாய். மின்னல் வேகத்தில் ஓடும் சூப்பர்ஹீரோவைப் பற்றிய அமெரிக்கத் தொடரான 'தி ஃபிளாஷ்' படப்பிடிப்பு பெரும்பாலும் அங்கேதான் நடந்தது என்பதால் உன் ஐயம் நியாயமானதே. ஆனால் மூன்றாம் சீசனோடு நீ கைகழுவிய தொடரை நான் எதற்காகக் கடைசிவரை பார்த்தேன் என்று இறுதியில் கேட்டிருந்தாயே, அதில் கேலி கொஞ்சம் கலந்திருந்தது. இருக்கட்டும்.

இங்கே காப்பிப் பழம் பறிக்கும் காலம். வீட்டில் எல்லோரும் நலம். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட என் மகளோடு அமர்ந்து இப்போது அந்தத் தொடரை முதலிலிருந்து மறுபடியும் பார்த்துவருகிறேன். ஆகவே உனக்கான பதில் நினைவிலிருந்து மட்டும் வருவதன்று.

முதலில் குற்றங்களை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் மூன்று சீசன்களிலும் முதன்மை வில்லன் ஃபிளாஷைவிட வேகமாக ஓடுகிறவன். மூன்று முறையும் தீர்வு, இன்னும் வேகமாக ஓடு என்பதுதான். மூன்றாவதில் அந்த வில்லன், ஃபிளாஷாக ஓடும் நம் நாயகன் பேரி ஆலனின் எதிர்கால உருவமே என்று தெரிந்தபோது நீ வெறுத்துப்போனாய், நான் சிரித்தேன். ஏழாம் சீசனின் முடிவில் மின்னலை வாளாக்கிச் சண்டையிட்ட காட்சியைப் பற்றி எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆறாம் சீசனைக் குறைசொல்ல மட்டும் எனக்கு மனம் வரவில்லை; கொரோனாவால் படப்பிடிப்பு பாதியில் நின்று, அது 19 எபிசோடுகளோடு முடிய, மிச்சக் கதையை அடுத்த சீசனின் தொடக்கத்தில் ஒட்டவேண்டியதாயிற்று.

இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் எழுத்தாளர்களின் திறமைக்குறைவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அக்டோபரில் தொடங்கி மே மாதம்வரை வாரம் ஒன்றாக, முதல் நான்கு சீசன்களிலும் தலைக்கு 23 எபிசோடுகள் எடுத்தார்கள். பத்து எபிசோடுகளுக்குப் போதுமான கதையை 23க்கு இழுத்தால் நடுவில் தண்ணீர் ஊற்றித்தான் ஆகவேண்டும். ஒரு திருமணத்தை இரண்டு மாதம் நடத்தும் நம் சீரியல்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. 2014 அக்டோபர் 7 முதல் 2023 மே 24 வரை, மொத்தம் 184 எபிசோடுகள். அத்தனையும் சீராக இருந்திருந்தால்தான் நான் வியந்திருப்பேன்.

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே நாம் தங்கியிருந்த அறை உனக்கு நினைவிருக்கும். காகிதத் தட்டில் தட்டுவடை செட்டை வைத்துக்கொண்டு, பீட்ரூட் துருவல் உன் மடிக்கணினியின் விசைகளில் உதிர, முதல் சீசனின் இறுதி எபிசோடைப் பார்த்தோம். காலத்தில் பின்னோக்கி ஓடி, தன் சிறுவயதில் தாய் கொல்லப்பட்ட இரவுக்கே சென்று நிற்கிறான் பேரி. அங்கே எதிர்காலத்திலிருந்து வந்திருக்கும் அவனே அவனைப் பார்த்து, வேண்டாம் என்று கையை உயர்த்துகிறான். அதற்குக் கட்டுப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு, எல்லாம் முடிந்தபின் முகமூடியைக் கழற்றி, உயிர் பிரியும் தாயின் அருகே அமர்ந்து, நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று சொல்கிறான். நீ அன்று செட்டைத் தின்னாமல் வைத்திருந்தாய். இன்று நீ அதை மறுப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்தக் காட்சியை எழுதியவர்களால் மறுபடியும் அப்படி ஒன்றை எழுத முடியும் என்ற எதிர்பார்ப்பில்தான் நான் தங்கினேன். அது பெரும்பாலும் பொய்த்தது, ஆனால் முழுவதும் பொய்க்கவில்லை. நீ பார்க்காத நான்காம் சீசனில் ஓர் எபிசோடு, அணுகுண்டு வெடிக்கத் தொடங்கும் அந்த ஒரு நொடிக்குள்ளேயே நடக்கிறது. ஊர் முழுவதும் சிலையாக நிற்க, பேரி தன் நண்பர்களை ஒவ்வொருவராகத் தன் வேகத்துக்குள் இழுத்து வழி கேட்கிறான். யாராலும் அதில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உதவிக்கு வந்த மற்ற இரண்டு வேக வீரர்களும் களைத்து உறைந்துபோகிறார்கள். அதுவரை எல்லாவற்றையும் ஓடியே தீர்த்த தொடர், ஓட்டத்தால் ஆகாத ஒன்றை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தது.

விசுவாசமுள்ள ரசிகன் குறை காணாதவன் என்று நீ எழுதியதை மட்டும் நான் ஏற்கவில்லை. என்னைவிட அதிகமாக அந்தத் தொடரைத் திட்டியவனை நான் கண்டதில்லை. விட்டுப்போனவனுக்கு அது கெட்டுவிட்டது என்று தெரியும். நின்று பார்த்தவனுக்கு அது எந்த எபிசோடில், எந்த வசனத்தில் கெடத் தொடங்கியது என்பதும் தெரியும். மொழி புரியாமலே தூர்தர்ஷனில் 'சக்திமான்' பார்த்த நமக்குக் கிராஃபிக்ஸ் ஒரு பொருட்டாக இருந்ததும் இல்லை.

நேற்று மாலை மூடுபனி சன்னல்வரை வந்துவிட்டது. சிறையில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தந்தை பேரியோடு தொலைபேசியில் பேசும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தந்தையாக நடிக்கும் ஜான் வெஸ்லி ஷிப் தான் 1990ஆம் ஆண்டுத் தொடரின் ஃபிளாஷ் என்று மகளிடம் சொன்னேன். அந்தத் தொடர் ஒரே சீசனோடு நின்றுபோனதையும் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அதைப் பார்த்தவங்க இவருக்காகத்தான் இதைப் பார்க்க வந்திருப்பாங்களா அப்பா?" என்று கேட்டாள். பின்னொரு சீசனில் அந்தப் பழைய ஃபிளாஷே மீண்டும் தோன்றி, பேரிக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுப்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அங்கே போய்ச் சேர எங்களுக்கு நூறு எபிசோடுகளுக்கு மேல் இருக்கிறது. நடுவில் உள்ளவற்றில் எதையும் தாண்டிச் செல்லக் கூடாது என்று வேறு கட்டளையிட்டிருக்கிறாள்.

நீ நான்காம் சீசனின் 15ஆம் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு எழுது. புதுக் காப்பித்தூள் அரைத்ததும் உனக்கு ஒரு கிலோ அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்