ராமோடு மற்றதையும் அச்சிடுங்கள்: ஸ்மார்ட்போன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்மார்ட்போன் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். உங்கள் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு விவரங்கள்: எத்தனை ஜிபி ராம் (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தங்கும் தற்காலிக நினைவகம்), எத்தனை கோர் (கணக்கிடும் அலகு) கொண்ட பிராசஸர். வாங்க வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். "ஸ்பெக் எல்லாம் சும்மா, யூஸ் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ராமும் பிராசஸரும் நிச்சயமாக முக்கியம். ஆனால் ஃபோன் கையில் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் வேறு சில விவரங்களை நீங்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. அவற்றைச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ராம். ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம், ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போகிறோம், திரும்பி வந்தால் படிவம் காலியாகி முதலிலிருந்து லோடாகிறது. ராமில் இடம் போதாமல், பின்னணியில் இருந்த ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிட்டதுதான் காரணம். 4 ஜிபி ஃபோனில் இது சகஜம், 8 ஜிபி ஃபோனில் அபூர்வம். இது வெறும் விளம்பர வித்தியாசம் இல்லை, நேரத்தையும் பொறுமையையும் தின்னும் வித்தியாசம். ஆனால் 8 ஜிபியிலிருந்து 12, 16 என்று ஏறும்போது அன்றாட வேலைகளில் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. தேவைக்கு மேல் இருக்கும் ராம் எந்த ஆப்பையும் வேகமாக்காது. எண்ணை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. ஐஃபோன் 13 வெறும் 4 ஜிபி ராமில் வழுக்கிக்கொண்டு ஓடியது, ஏனென்றால் பின்னணியில் ஆப்கள் என்ன செய்யலாம் என்பதில் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் கறாரானது.

ஃபோனுக்குள்ளேயே இயங்கும் ஏஐ வசதிகள் வந்த பிறகு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மொழி மாதிரிகளை, அதாவது ஏஐக்கு மூளையாக இருக்கும் மென்பொருளை, ராமில் ஏற்றி வைக்க வேண்டும், அவை நிறைய இடம் பிடிக்கும். 2024இல் ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டலிஜென்ஸ் அறிவிக்கப்பட்டபோது 8 ஜிபி ராம் கொண்ட ஐஃபோன் 15 ப்ரோவுக்கு அது கிடைத்தது, 6 ஜிபி கொண்ட ஐஃபோன் 15க்குக் கிடைக்கவில்லை. அதை வாங்கியவர்களுக்கு அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஐஃபோனின் ராம் அளவை ஆப்பிள் தன் விவரப் பட்டியலில் போடுவதும் இல்லை.

அடுத்தது '8 + 8 = 16 ஜிபி' என்று போடுகிறீர்களே, அது. கூடுதலாகச் சொல்லப்படும் அந்த 8 ஜிபி ராமே இல்லை. படங்களும் ஆப்களும் சேமிக்கப்படும் ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி, ராமில் இடம் இல்லாதபோது அங்கே சிலவற்றைத் தள்ளி வைக்கிறீர்கள். விலை குறைந்த ஃபோனின் ராம்கூட நொடிக்கு 10 ஜிபிக்கு மேல் தரவை நகர்த்தும். அதே ஃபோனில் இருக்கும் ஈஎம்எம்சி 5.1 என்ற மலிவு வகை ஸ்டோரேஜின் உச்ச வரம்பே நொடிக்கு 400 எம்பிதான். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டுவது வாங்குகிறவரை ஏமாற்றுவது. இதற்கு மென்மையான வார்த்தை தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. வசதியை வையுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கூட்டல் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பிராசஸருக்கு வருவோம். 'ஆக்டா கோர், 2.3 கிகாஹெர்ட்ஸ்' என்று அச்சிடுகிறீர்கள். எட்டு கோர் சரி, எந்தக் கோர்? சிப் நிறுவனமான மீடியாடெக்கின் ஹீலியோ ஜி35 சிப்பில் இருக்கும் எட்டும் கார்டெக்ஸ் ஏ53, அதாவது கோர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2012இல் அறிவித்த சிறிய கோர். உச்ச வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ். அதே மீடியாடெக்கின் ஹீலியோ ஜி85இலும் எட்டு கோர்தான், வேகம் 2 கிகாஹெர்ட்ஸ்தான். விளம்பரத்தை மட்டும் பார்த்தால் ஜி35 மேல் என்று தோன்றும். உண்மையில் ஜி85இல் கார்டெக்ஸ் ஏ75 என்ற பெரிய கோர்கள் இரண்டு இருப்பதால் ஆப் திறப்பது, பக்கம் ஸ்க்ரோல் ஆவது எல்லாவற்றிலும் அது தெளிவாக முந்தும். இந்த வேலைகள் எட்டு கோர்களிலும் சமமாகப் பிரிவதில்லை. பாரம் ஒன்றிரண்டு கோர்களின் மேல்தான் விழும். 2015இல் வந்த ஐஃபோன் 6எஸ்ஸில் இரண்டே கோர்கள், அந்த வருடத்து எட்டு கோர் ஃபோன்கள் பலவற்றைவிட அது வேகமாக இருந்தது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமையும் (திரையில் மாறும் ஒவ்வொரு படத்தையும்) தயார் செய்யக் கிடைப்பது சுமார் 8.3 மில்லிசெகண்ட். அதைத் தவறவிட்டால் கண்ணுக்கு இடறும். திரையை 120 ஹெர்ட்ஸாக்கிவிட்டு உள்ளே எட்டு ஏ53 வைப்பதில் யாருக்கு என்ன லாபம்?

எனக்கு மிகவும் ஆதங்கம் தருவது ஸ்டோரேஜ். 'ஃபோன் ஸ்லோ ஆகிவிட்டது' என்ற புகார்களில் பலவற்றுக்கு மூலம் அங்கேதான். ஓர் ஆப்பைத் திறக்கும்போது நூற்றுக்கணக்கான சிறு சிறு கோப்புத் துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கும். யூஎஃப்எஸ் என்ற வேகமான வகை ஸ்டோரேஜ் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யும். ஈஎம்எம்சியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். அதனால்தான் மலிவான ஃபோனில் பின்னணியில் ஏதாவது ஆப் அப்டேட் ஆகும்போது கேமராகூடத் திறக்க மறுக்கிறது. பயனர் பிராசஸரைத் திட்டுவார், அடுத்த முறை ராம் அதிகமாக உள்ள ஃபோனைத் தேடுவார், அதிலும் ஈஎம்எம்சி இருந்தால் அதே கதைதான். கூகுளும் ஆசுஸும் 2012இல் கொண்டுவந்த நெக்ஸஸ் 7 டேப்லெட் ஞாபகம் இருக்கிறதா? வாங்கியபோது நன்றாக ஓடியது, நாளாக ஆக நகரவே மறுத்தது. அழிக்கப்பட்ட இடத்தை ஸ்டோரேஜுக்குத் தெரிவிக்கும் 'ட்ரிம்' வசதி 2013இல் ஆண்ட்ராய்டு 4.3உடன் வந்த பிறகுதான் நிலைமை தேறியது. ராமும் பிராசஸரும் அப்படியேதான் இருந்தன.

இவ்வளவு முக்கியமான பாகத்தின் வகையை நீங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. சில சமயம் சொல்லாமல் மாற்றவும் செய்கிறீர்கள். ஹுவாவே பி10 ஃபோனில் சிலருக்கு யூஎஃப்எஸ் 2.1, சிலருக்கு ஈஎம்எம்சி 5.1 கிடைத்தது 2017இல் பெரிய சர்ச்சையானது. விலை ஒன்று, பெயர் ஒன்று, உள்ளே இருந்தது வேறு வேறு. சாம்சங் கேலக்ஸி எஸ்23இல் 256 ஜிபி வாங்கினால் யூஎஃப்எஸ் 4.0, 128 ஜிபி வாங்கினால் 3.1. இடம் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கியவருக்கு இதை யார் சொன்னார்கள்?

அப்புறம் சூடு. பிராசஸரின் உச்ச வேகம் சில நிமிடங்களுக்குத்தான். மெல்லிய உடலுக்குள் சூடு ஏறியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதில் தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. ஒன்பிளஸ் 9 வரிசை பிரபலமான ஆப்களின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது 2021இல் தெரியவந்தது. 2022இல் சாம்சங்கின் ஜிஓஎஸ் விவகாரம் வந்தது, ஜிஓஎஸ் என்பது கேம்களின், ஆப்களின் வேகத்தைக் கட்டுப்படுத்திய மென்பொருள். இரண்டிலும் ஃபோனின் வேகத்தைச் சோதித்து மதிப்பெண் தரும் பெஞ்ச்மார்க் ஆப்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தன. பேட்டரியையும் சூட்டையும் காப்பாற்றத்தான் செய்தோம் என்றார்கள், அந்தக் காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் சோதனையில் ஒரு வேகம், வீட்டில் ஒரு வேகம் என்றால் சோதனை எதற்கு? அப்படிப்பட்ட பெஞ்ச்மார்க் ஆப்களில் ஒன்றான கீக்பெஞ்ச் அந்த ஃபோன்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது சரியான முடிவு. பழைய பேட்டரிக்காக ஐஃபோன்களின் வேகம் குறைக்கப்பட்டதை ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டதும் இதே வகைதான். பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புது ஃபோன் வாங்கியிருப்பார்கள்!

இதையெல்லாம் அளந்து அச்சிடுவது கஷ்டம் என்று நீங்கள் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஃபோன்களோடு ஒரு லேபிள் வர வேண்டும். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கீழே விழுவதையே அளந்து தரம் பிரிக்க முடிகிறது. அரை மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு பிராசஸரில் எத்தனை சதவீத வேகம் மிஞ்சுகிறது என்பதை அளக்க முடியாதா?

அதனால் அடுத்த ஃபோனின் பெட்டியில் ராம் அளவுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ஸ்டோரேஜ் ஈஎம்எம்சியா யூஎஃப்எஸ்ஸா, எந்தப் பதிப்பு என்று போடுங்கள். கோர்களின் எண்ணிக்கையோடு அவற்றின் பெயரையும் போடுங்கள். சூடான பிறகு நிலைக்கும் வேகத்தையும், எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்பதையும் சேருங்கள். விற்பனை நடக்கும்போது நடுவில் ஏதாவது பாகத்தை மாற்ற வேண்டி வந்தால் மாடல் எண்ணையும் மாற்றிவிடுங்கள், கடையில் நிற்கும்போதே வாங்குகிறவருக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஃபோன்களைப் பயன்படுத்தும் ஒருவர்