கேத்தலில் படியும் சுண்ணாம்பும் எங்கள் சிரட்டைக் கரியும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

உப்புவெளியில் இருந்து கிண்ணியா வரை எங்கள் சிரட்டைக் கரித் தண்ணீர் பில்டர் பூட்டிய வீடுகளுக்கெல்லாம் இந்நேரம் அந்த வீடியோ வந்து சேர்ந்திருக்கும். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிந்ததைச் சுரண்டிக் காட்டி, “அடுப்புக்கரியை டப்பாவில் அடைத்துக் காசு பறிக்கிறார்கள்” என்கிறார் ஒருவர். விலை கூட என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்போம். அடுப்புக்கரி என்றதுதான் பொறுக்கவில்லை.

கேத்தலில் படிவது கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு. அதைக் கரி பிடிக்காது. உப்பையும் பிடிக்காது, கிருமியையும் கொல்லாது. வடித்த தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று பூட்டும்போதே சொல்லித்தானே தருகிறோம்?

பிறகு எதற்கு இந்தக் கரி? தண்ணீரில் கலந்து வரும் மருந்து மிச்சங்களைப் பிடிக்கத்தான். விழுங்கும் மாத்திரை முழுவதும் உடம்போடு தீர்ந்துவிடுவதில்லை. ஒரு பங்கு சிறுநீரோடு வெளியேறி, மலக்குழி வழியாக நிலத்தடித் தண்ணீருக்கும் போகலாம். காலாவதியான மருந்தைக் கழிவறையில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், பெரிய கழிவுநீர் நிலையங்களையே அதிகம் குறையாமல் தாண்டி வந்துவிடும். வலிக்குக் கொடுக்கும் டைக்ளோபினக் ஊசி போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்றுதான் இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தண்ணீரில் இருப்பது அதைவிட மிக மிகச் சொற்பம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை.

சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டால் வருவது வெறும் கரி. அதை 800 பாகை செல்சியசுக்கு மேல் நீராவியில் மறுபடி சுடும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் 1000 சதுர மீற்றர் அளவுக்கு வரும். டைக்ளோபினக், கார்பமசெபின் போன்றவை அந்தத் துளைச் சுவர்களில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். எல்லா மருந்தும் அப்படியில்லை; சீனி வருத்தத்துக்கான மெட்போமின் தண்ணீரோடு அதிகம் ஒட்டுறவு, பெரும்பாலும் நழுவிவிடும். எங்கள் புதுக் கரியில் ஒரு பிடியைக் கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று குமிழி விட்டுக்கொண்டே கீழே இறங்கும். அடுப்புக்கரித் துண்டு மிதந்துகொண்டு நிற்கும்.

குழாயை மெதுவாகத் திறவுங்கள், கரி பிடித்துக்கொள்ள நேரம் வேண்டும். துளைகள் நிரம்பினால் அதன் வேலை முடிந்தது. வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறவர்கள், தயவுசெய்து வேண்டாம்.

தேங்காய் விலை ஏறியதில் சிரட்டைக்கும் கிராக்கி. நல்லதை ஏற்றுமதிக்காரர் முந்திக்கொள்கிறார்கள். பூட்டித் தந்த பொடியனும் கட்டாருக்குப் போய்விட்டான். ஆகவே வரும் மாதம் முதல் கரி விலை சற்றுக் கூடும், வீட்டுக்கு வந்து மாற்றித் தருவதும் இப்போதைக்கு இல்லை.

வீடியோ பரவிய அன்றிரவே அழைத்து “நாங்கள் இருக்கிறோம்” என்றவர்களை மறக்கமாட்டோம். தம்பலகாமத்து அக்கா ஒருவர் அந்த வீடியோவின் கீழேயே “கேத்தலுக்கு வினாகிரி ஊற்றிக் கழுவுங்கோ தம்பி” என்று எழுதியிருந்தார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

கரி மாற்ற வரும்போது பழைய டப்பாவையும் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் கிணறா குழாயா என்று அதன்மேல் எழுதிவிடுங்கள். வீடியோ போட்ட தம்பியும் வரலாம். கிளாஸும் தண்ணீரும் மேசையிலேயே இருக்கும்.