பொருள்: ரீமேப் பண்ண வண்டி பத்தின புகார், என்னோட ஸ்டாக் ஃபைல் (கம்பெனி போட்ட ஒரிஜினல் சாஃப்ட்வேர்) திரும்ப வேணும்

சர்வீஸ் மேனேஜர் சாருக்கு வணக்கம்,

உங்ககிட்ட ஸ்டேஜ் 1 ரீமேப் (பார்ட் எதுவும் மாத்தாம, ஈசியூங்கிற இன்ஜின் கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேரை மட்டும் மாத்தி பவர் ஏத்துறது) பண்ண டர்போ டீசல் வண்டியோட ஓனர் நான். வாட்ஸ்அப்ல கேட்டா ப்ளூ டிக் மட்டும் வருது, போன் பண்ணா டியூனர் வெளிய போயிருக்கார்ங்கிறாங்க, அதான் எல்லாத்தையும் சேத்து எழுத்துலயே குடுத்துடுறேன்.

பவர் ஏறலைன்னு நான் சொல்ல வரல. நல்லாவே இழுக்குது. ஆனா மிதிச்சா பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியாத அளவுக்கு கரும்புகை சார். காத்து பத்தாம டீசலை மட்டும் அள்ளி ஊத்துனா வேற என்ன வரும், காத்துக்கு மேல டீசல் போகாம தடுக்கிற ஸ்மோக் லிமிட்டரை கண்டபடி தூக்கி விட்டிருக்கீங்கன்னுதான் தோணுது. டாப் கியர்ல 2000 ஆர்பிஎம் பக்கம் முழுசா மிதிச்சா முள்ளு மட்டும் சர்ருன்னு ஏறுது, வண்டி ஏறல, கிளட்ச் ஸ்லிப் ஆகுது. கம்மி ஆர்பிஎம்ல டார்க்கை (இன்ஜினோட இழுவையை) அடக்கித்தான் வைப்போம், கம்பெனி கிளட்ச்சே தாங்கும்னு சொன்னது உங்க ஆளுதான்.

இதையெல்லாம் கேட்டதுக்கு நீங்க சொன்ன ஒரே பதில், "ஸ்கேனர்ல எரரே இல்லையே சார், வண்டி கிளீன்". எனக்கு கோவமே இங்கதான். வேற ஒரு மெக்கானிக் ஈஜிஆர் வால்வோட (புகையில ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடுற வால்வு) பிளக்கையே கழட்டி விட்டு வண்டியை ஓட்ட சொன்னார். செக் இன்ஜின் லைட் எரியணுமா இல்லையா? எரியல. ஸ்கேனர் போட்டா அதுலயும் ஒண்ணும் இல்ல. அப்ப பி0401, பி0403ன்னு ஈஜிஆர் சம்பந்தமான எரர் கோடெல்லாம் ஃபைல்லயே ஆஃப் பண்ணிட்டீங்கன்னுதானே அர்த்தம்? நான் ஈஜிஆர் ஆஃப் கேக்கவே இல்ல, பில்லுலயும் அது இல்ல. நாய் வாயை கட்டிப்போட்டுட்டு, நாய் குரைக்கலையே அப்ப திருடன் வரலன்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க பேச்சு. இப்ப புகைக்கரியை பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் அடைச்சா எனக்கு தெரியுமா, டர்போ குடுக்கிற காத்தழுத்தம் (பூஸ்ட்) கம்மியானா பி0299 எரர் வருமா, பவரை குறைச்சு இன்ஜினை காப்பாத்துற லிம்ப் மோடுக்காவது போகுமா, எதை நம்பி நான் ஹைவேல ஏறுறது?

அப்புறம் அந்த கிராஃப். "முன்னாடி, பின்னாடி"ன்னு ரெண்டு கோடு போட்டு அழகா பிரிண்ட் குடுத்தீங்க, என் வண்டி பவர் அளக்குற டைனோ மெஷின்ல ஏறவே இல்லையே சார். லேப்டாப்பை ஓபிடில (ஸ்கேனர் மாட்டுற சாக்கெட்) மாட்டி எழுதுனதோட சரி, ரோட்ல ஓட்டி ஒரு லாக் (சென்சார் ரீடிங் பதிவு) கூட எடுக்கல. கஸ்டம் டியூன்னு காசு வாங்கிட்டு யாரோ வித்த ரெடிமேட் ஃபைலை ஏத்தியிருக்கீங்கன்னு சந்தேகம் வராம இருக்குமா?

ஷோரூம்ல விட்டா அப்டேட் போடுவாங்க, தானா ஸ்டாக் ஆயிடும்னு நீங்க குடுத்த ஐடியா வேற. ஏற்கனவே லேட்டஸ்ட் வெர்ஷன்தான் இருக்குன்னு காட்டுனா அவங்க எதுக்கு திரும்ப எழுதணும்? எழுதலைன்னாலும் சாஃப்ட்வேர் மாறியிருக்கான்னு காட்டுற கேலிப்ரேஷன் சரிபார்ப்பு நம்பர் (சிவிஎன்) ஒத்துப்போகலைன்னு பாத்துட்டா வாரன்டி காலி.

அதனால என் ஈசியூல இருந்து முதல்ல ரீட் பண்ண ஒரிஜினல் ஃபைலை எனக்கு அனுப்பிட்டு, நீங்களே காசு வாங்காம திரும்ப எழுதியும் குடுக்கணும். விர்ச்சுவல் ரீட்தான் (வண்டில இருந்து நேரா எடுக்காம, நம்பரை வச்சு சர்வர்ல இருந்து ஃபைலை எடுக்கறது) பண்ணோம், பேக்கப் இல்லைன்னு சொல்ல போறீங்கன்னா அதையும் எழுத்துல குடுங்க, என் சாஃப்ட்வேர் நம்பருக்கு சரியான ஸ்டாக் ஃபைலை தேடி எடுக்கறது உங்க வேலை. எந்தெந்த கோடை ஆஃப் பண்ணீங்கங்கிற லிஸ்ட்டும் வேணும். ரீமேப்புக்கு குடுத்த காசு முழுசா திரும்ப வரணும், கிளட்ச் செலவை பத்தி வண்டியை பாத்துட்டு பேசலாம்.

ஒரு வாரத்துல பதில் வரலைன்னா நுகர்வோர் புகார் குடுப்பேன், மெக்கானிக் எடுத்த வீடியோ கைல இருக்கு. போன தடவ மாதிரி ஸ்டேஜ் 2 (பார்ட்டும் மாத்தி இன்னும் பவர் ஏத்துறது) டிஸ்கவுன்ட்ல பண்ணித்தரோம்னு மட்டும் தயவுசெஞ்சு அனுப்பாதீங்க.

இப்படிக்கு,
உங்க கஸ்டமர்