செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

திருமண வீடியோக்களுக்கு, வாங்கிய டெம்பிளேட்டில் மணமக்கள் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டு, டைட்டிலுக்கான உருவங்களை நாமே வரையக் கற்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். ஞாயிறு மாலை வகுப்புகள் அதற்காகவே தொடங்கின. முகூர்த்த மாதங்களில் தடைபட்டாலும் நின்றுவிடவில்லை.

வீடியோவில் எழுத்தையும் உருவத்தையும் அசைக்கும் ஆப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ஷேப் லேயர், அதாவது உருவம் வரைவதற்கான அடுக்கு, 2007இல் வெளிவந்த சிஎஸ்3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலர் செவ்வகத்தையும் வட்டத்தையும் தாண்டியதில்லை. முதல் வகுப்பில், புள்ளி வைத்துக் கோடு வரையும் பென் டூலை எடுத்தவர்களில் சிலருக்கு உருவம் வரவில்லை. மணமக்களின் படம்தான் வெட்டுப்பட்டது. படமோ வீடியோவோ தேர்வாகியிருந்தால் பென் டூல் மாஸ்க்தான், அதாவது படத்தை வெட்டும் எல்லைதான், போடும். எந்த லேயரையும் தேர்வு செய்யாமல் வரைந்தால் புதிய ஷேப் லேயர் வரும். இதைத் தாளில் எழுதிச் சுவரிலேயே ஒட்டிவிட்டோம்.

அடுத்து, புள்ளிகளைக் குறைப்பது. குத்துவிளக்கு வரைந்த இளைய உறுப்பினர் ஒருவர் வளைவு முழுவதும் நெருக்கி நெருக்கிப் புள்ளி வைத்திருந்தார். அசைத்தபோது விளிம்பு நடுங்கியது. வட்டத்துக்கே நான்கு புள்ளிகள் போதும். வளைவை, புள்ளியிலிருந்து நீளும் கைப்பிடிகள் பார்த்துக்கொள்ளும். புள்ளிகளைக் களைந்து கைப்பிடிகளை நீட்டியதும் அதே விளக்கு வழவழவென்று நின்றது. மொட்டு மலராக மாறும் பயிற்சியில் உருவம் முறுக்கிக்கொண்டதற்குக் காரணம், தொடக்க வடிவையும் முடிவு வடிவையும் குறிக்கும் இரண்டு கீஃபிரேம்களிலும் முதல் புள்ளி வெவ்வேறு இடத்தில் இருந்ததே. அதை ஒத்த இடத்தில் அமைத்ததும் சரியானது. இந்த வளைவுகளின் கணக்கு கார் உடல் வடிவமைப்பிலிருந்து வந்தது. சித்ரோயன் நிறுவனத்தில் காஸ்டல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பெசியேயும் தனித்தனியே கண்டது என்று சொன்னபோது, வகுப்பில் எழுந்த ஆர்வம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

இவ்வாண்டு நாம் அதிகம் உழைத்தது தமிழ் எழுத்துக்காக. எழுத்து தானே எழுதிக்கொள்வதுபோல் வர வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். எழுத்துருவை ஷேப்பாக மாற்றி, கோட்டைச் சிறிது சிறிதாகத் தோன்றச் செய்யும் டிரிம் பாத்ஸ் போட்டால், கோடு எழுத்தின் ஓரத்தைச் சுற்றி ஓடுகிறதே தவிர எழுதுவதில்லை. எனவே எழுத்தின் நடுவே, கையால் எழுதும் வரிசையிலேயே பென் டூலால் ஒரு கோடு வரைந்தோம். அதை எழுத்தைவிடச் சற்றுத் தடிமனாக்கி டிராக் மேட்டாக, அதாவது தான் இருக்கும் இடத்தில் மட்டும் எழுத்தைக் காட்டும் மறைப்பாகக் கொடுத்து, டிரிம் பாத்ஸின் முடிவை 0இலிருந்து 100 சதவீதத்துக்கு நகர்த்தினோம். ‘அ’, ‘இ’ போன்றவற்றில் கோடு தன்னையே தொட்டுச் செல்லும் இடத்தில், இன்னும் எழுதாத பகுதி முன்கூட்டியே எட்டிப் பார்த்தது. அத்தகைய எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மேட் கொடுத்தோம். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் டெம்பிளேட் எதிலும் இது கிடைக்காது. உயிரெழுத்துகள் பன்னிரண்டும் முடிந்துவிட்டன. கோப்புகள் சங்கக் கணினியில் உள்ளன, உறுப்பினர் எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். உயிர்மெய் எழுத்துகளை வரும் ஆண்டில் பகிர்ந்து வரைய முன்வருவோர் இன்றே பெயர் கொடுக்கவும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்