மழைக்கு முன் நான்கு கூரைகள்: வின்சென்ட் தே பவுல் சபையின் வேண்டுகோள்

கிறிஸ்துவில் அன்பான பங்கு மக்களுக்கு,

நம் பங்கில் நான்கு குடும்பங்களின் வீடுகள் ஒழுகுகின்றன. அக்டோபரில் மழை பிடித்துவிடும். மூன்று வீடுகளுக்குக் கூரை மாற்ற, வீட்டுக்கு ரூ. 42,000. நான்காவதில் சுவரும் சரிந்திருப்பதால் ரூ. 68,000. மொத்தம் ரூ. 1,94,000. கையில் இருப்பது ரூ. 1,21,500, குறைவது ரூ. 72,500. ஷீட்டையும் சிமெண்டையும் பழைய விலைக்கே தர ஒத்துக்கொண்ட கடைக்காரர் செப்டம்பர் 20 வரைதான் பொறுப்பார்.

அந்தோணியாரும் சவேரியாரும் இருக்க, ஏழைகளுக்கு உதவும் நம் சபைக்கு ஏன் புனித வின்சென்ட் பெயர் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான்.

1617 ஆகஸ்டில் அவர் பிரான்சில் சாத்தியோன் என்ற சிற்றூரின் பங்குத்தந்தை. ஞாயிறு பூசைக்குத் தயாராகும்போது, ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் கிடக்கிறது, கவனிக்க ஆளில்லை என்று செய்தி வந்தது. மறையுரையில் சொன்னார். பிற்பகல் அவர் போய்ப் பார்த்தால் வழியெல்லாம் உணவோடு பெண்கள்! நாமாக இருந்தால் படம் எடுத்துப் போட்டிருப்போம். அவருக்கோ கவலை வந்தது. இன்று குவிவது கெட்டுப்போகும், அப்புறம் அவர்கள் பட்டினிதான். சில நாளில் பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார். இரக்கத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்று காட்டியதால்தான் அவர் நமக்குப் பாதுகாவலர். 1833 ஏப்ரல் 23 அன்று பாரீசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கிய நம் சபை, மறு ஆண்டே அவர் பெயரின்கீழ் வந்தது. ஏழைகளின் வீடுகளுக்கு அவர்களுக்கு வழிகாட்டிய அருள்சகோதரி ரொசாலியும், வின்சென்டும் லூயிஸ் தே மரியாக்கும் 1633இல் தொடங்கிய அருள்சகோதரிகள் சபையைச் சேர்ந்தவர்தான். 1885இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் (லியோ) வின்சென்டை எல்லா அறச் சபைகளுக்கும் பாதுகாவலர் ஆக்கினார்.

நம் பெரியவர்கள் சைக்கிள் கேரியரில் அரிசி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள். அந்த மரபுக்கு இன்றும் தோள் கொடுப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பென்ஷன் வந்ததும் முதலில் நமக்கு எடுத்து வைக்கும் ஆசிரியர்கள், வளைகுடாவிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் தம்பிகள், பூக்கட்டும் காசில் பத்து ரூபாயை மடித்துப் பையில் போடும் அம்மா, கூலி வாங்காமல் சென்ற ஆண்டு கூரை மேய்ந்த கொத்தனார்கள். இரகசியக் காணிக்கை என்பதால் பெயர் போடவில்லை. உதவி பெறும் வீடுகளின் பெயரும் வெளியே வராது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம் மிஞ்சிக் கொட்டும் ஊர் இது. மழைக்கு முன்னால் ஒரு ஷீட் கேட்டால், "பார்க்கலாம்" என்கிறோம். திருவிழா வாணவேடிக்கைக்கு இப்படி யாரும் சொன்னதாக நினைவில்லை. பெயர் கொடுத்துவிட்டு இன்னும் பணம் தராதவர்களுக்குத் தம் பெயர் தெரியும்.

ஒரு ஷீட்டின் விலையோ ஒரு நாள் உழைப்போ, எதுவானாலும் சரி. ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வாசலில் இருப்போம். உங்கள் பகுதி அன்பியக் குழுப் பொறுப்பாளர்களிடமும் தரலாம். ரசீது உண்டு. செப்டம்பர் 27, புனிதரின் திருநாளன்று வரவு செலவு முழுவதும் அறிவிப்புப் பலகையில் இருக்கும்.

இப்படிக்கு,
சபைக் குழுவினர்