கற்றல் உதவிக் கட்டணம்: பள்ளித் தாளாளருக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு மாணவி ஒருத்தியின் தந்தை,
மாங்காய் மண்டி, காவேரிப்பட்டணம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
தாளாளர் அவர்கள்,
இருமொழி சர்வதேசப் பள்ளி,
கிருஷ்ணகிரி.

பொருள்: கற்றல் உதவிக் கட்டணம் 2 ஆண்டுகளாக வசூலித்தும் உதவி எதுவும் தராதது – பணத்தைத் திருப்பித் தரவும், உதவியை உடனே தொடங்கவும் கோருதல்.

ஐயா, வணக்கம்.

என் மகள் மூன்றாம் வகுப்பில் உங்கள் பள்ளியில் சேர்ந்தாள். அப்போது வயது 8. முதல் பருவத்திலேயே அவளுக்குப் படிப்பதில் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று என் மனைவி வந்து சொன்னாள். உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், இங்கே இங்கிலீஷ். குழந்தை குழம்பிப்போயிருக்கிறாள். வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள், சரியாகிவிடும்.”

நாங்களும் நம்பினோம். எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு என்பது கிருஷ்ணகிரியில் பள்ளி நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தும் படித்தவர்கள் சொல்கிறார்களே என்று என் அம்மாவிடம், இனிமேல் பேத்திக்குத் தெலுங்கில் கதை சொல்ல வேண்டாம் என்றோம். அம்மாவுக்கு இங்கிலீஷில் ‘ஓகே’, ‘பை பை’ இரண்டும்தான் வரும். ராத்திரி சாப்பிட்ட பிறகு பேத்தியும் அவ்வாவும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. இந்தக் கடிதத்தில் பணக் கணக்கும் வரும். ஆனால் எனக்கு ஆறாதது இதுதான்.

ஐந்தாம் வகுப்பில் உங்கள் பள்ளியே ‘லேர்னிங் சப்போர்ட்’ திட்டம் என்று சொல்லி, அதில் சேர்க்கச் சொன்னது. ஆண்டுக்கு 18,000 ரூபாய். வாரம் மூன்று பீரியட் தனி ஆசிரியர், மாதம் ஒருமுறை ஆலோசகர், பருவத்துக்கு ஒரு முன்னேற்ற அறிக்கை என்று சேர்க்கைக் கையேட்டில் அச்சடித்திருக்கிறீர்கள். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் சேர்த்து 36,000 கட்டினேன், ரசீது இருக்கிறது. தனி ஆசிரியர் என்று வந்தவர் விளையாட்டு ஆசிரியர். மற்றவர்கள் பாடம் எழுதும்போது இவளை நூலகத்தில் உட்காரவைத்துப் படம் வண்ணமடிக்கச் சொன்னார். ஆலோசகர் மூன்று முறை வந்தார், அப்புறம் காணோம். அறிக்கை ஒன்றுகூட வரவில்லை. ‘வெல்பீயிங் ரூம்’ என்று பெயர்ப்பலகை தொங்கும் அறையைப் பெற்றோர் கூட்டத்தன்று எட்டிப் பார்த்தேன். உள்ளே யூனிஃபார்ம் பெட்டிகளும் ஆண்டு விழாவுக்குச் செய்த தெர்மாகோல் யானையும் இருந்தன.

மண்டியில் சரக்கு இறங்கி எடை போட்ட பிறகுதான் நாங்கள் பில் எழுதுவோம். எடை போடாமல் பில் எழுதினால் விவசாயி சும்மா விடமாட்டார்.

சென்ற கோடையில், சீசன் உச்சத்தில் இருந்தும் மண்டியைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மகளை பெங்களூருக்கு அழைத்துப் போனேன். இரண்டு நாள் சோதித்துவிட்டு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு, என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சோதித்த மருத்துவ உளவியலாளர் சொன்னதை உங்கள் ஒருங்கிணைப்பாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். பல மொழி கேட்டு வளர்வதால் இது வராது. மொழிப் பழக்கம் போதாததுதான் காரணம் என்றால் பழக்கமில்லாத அந்த ஒரு மொழியில்தான் பின்தங்குவாள், பேசுவதிலும் திணறுவாள். இவள் மூன்று மொழியிலும் மடமடவென்று பேசுகிறாள், எழுத்து என்று வந்தால் தமிழிலும் நிற்கிறாள், இங்கிலீஷிலும் நிற்கிறாள். இரண்டு மொழியிலும் சோதித்துப் பார்த்திருந்தால் இருமொழிப் பள்ளியான நீங்களே முதலில் கண்டுபிடித்திருக்கலாம் என்றார். கடைசியில், “பாட்டியை மறுபடியும் கதை சொல்லச் சொல்லுங்கள்” என்றார். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள்.

அவள் நோட்டு என் முன்னால் இருக்கிறது. ‘பொம்மை’ என்று எழுத, கொம்பையும் காலையும் பகரத்துக்குப் பின்னால் ஒன்றாகப் போட்டிருக்கிறாள். அவளைக் கேட்டால் நியாயமாகத்தான் சொல்கிறாள்: “முதல்ல ‘ப’ சத்தம்தானேப்பா வருது, கொம்பு ஏன் முன்னாடி வரணும்?” இங்கிலீஷ் நோட்டில் ‘from’ எல்லாம் ‘form’ ஆகியிருக்கிறது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை, கீழே ‘கேர்லெஸ்’. இதே பெண் மண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, 38 பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ என்று சொன்னால், நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் 760 என்பாள்.

வகுப்பு ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. 34 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஆனால் வகுப்புச் சுவரில் வாசிப்பு நிலை சார்ட் என்று ஒட்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு நட்சத்திரம் போட்டுப் பெயர் எழுத உத்தரவு போட்டது நிர்வாகம். சிவப்பில் இருப்பது என் மகள் பெயர் மட்டும்தான். அந்த சார்ட்டைப் படமெடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார்கள். அதற்குப் பிறகு ஞாயிறு சாயங்காலமே வயிற்றுவலி ஆரம்பித்துவிடுகிறது. ஸ்கேன் வரை எடுத்தாயிற்று, வயிற்றில் ஒன்றுமில்லை. உங்கள் மாணவர் நலப் பிரிவுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற ஒரே பதில்தான் வந்தது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வகுத்த 21 வகைகளில் டிஸ்லெக்சியா அடங்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் ஒன்று. அதைச் சீக்கிரம் கண்டறிந்து, தகுந்த கற்பித்தல் முறையைக் கையாள வேண்டும் என்கிறது அதன் 16ஆம் பிரிவு. இதற்கான சான்றிதழ் 8 வயதிலிருந்தே வாங்கலாம். எங்களைத் தெலுங்கு பேசாதீர்கள் என்று நீங்கள் திருப்பி அனுப்பியது அதே வயதில்தான்.

இப்போதே ஏன் அவசரப்படுகிறேன் என்று கேட்கலாம். உங்கள் பள்ளி நடத்துவது கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம். பத்தாம் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 25 சதவீதம் வரை கூடுதல் நேரம் தர அதில் வழியுண்டு. ஆனால் வகுப்பிலும் வழக்கமாக அந்த வசதியோடுதான் எழுதி வந்தாள் என்று பள்ளி காட்ட வேண்டும். தேர்வுக்கு முந்தைய மாதம் ஓடிப்போய்க் கேட்கிற விஷயமில்லை. தமிழ்நாட்டு அரசுப் பொதுத்தேர்விலேயே டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள், ஒரு மொழிப்பாட விலக்கும் உண்டு. நீங்கள் வாங்குவதில் பாதிக் கட்டணம்கூட வாங்காத பள்ளிகளின் பிள்ளைகள் அந்தச் சலுகைகளை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே, நடக்காத வகுப்புகளுக்குக் கட்டிய 36,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற சிறப்பு ஆசிரியரை நியமித்து, எந்த நாள், எந்த நேரம், என்ன பாடம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவரை அவளை வகுப்பில் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது, வகுப்புத் தேர்வில் இப்போதிருந்தே கூடுதல் நேரம் தர வேண்டும். 15 நாளில் எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் இதே கடிதத்தைக் கொடுப்பேன். பள்ளியை மாற்றிவிடுங்களேன் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அவளுடைய இரண்டு சிநேகிதிகளும் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால் மாற்ற மாட்டேன்.

ரசீது நகல் இரண்டும், பெங்களூரு அறிக்கையின் நகலும் இணைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை பஸ்ஸில் அனுப்பாமல் நானே அவளை வகுப்பு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறேன். அதற்குள் அந்த சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை